குத்தாலத்துக்காரியின் மணி

அவள் டைப்ரைட்டிங் மெஷினில் மணி சரியாக அடிக்காது. மற்ற மெஷின்களில் வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போதே 'டிங்' என்று கணீரென்று ஒலிக்கும். அவளுடையதில் 'டொக்'. மரக்கதவை விரல் மடக்கித் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். 1996 கடைசியிலிருந்து கிட்டத்தட்ட பத்து மாதம், தினமும் காலையில் என் காது அந்த 'டொக்'குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. என் 'டிங்' முந்திவிட்டால் அந்த வரி எனக்கு. 'டொக்' முந்திவிட்டால் அவளுக்கு. இப்படி ஒரு கணக்கை நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. சனி, ஞாயிறு நீட் கோச்சிங் போகிறாள். திங்கள்கிழமை காலையில் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் வந்துவிழும். முதல் இடத்திலிருந்து 260-ஆவது இடம் வரை எல்லாப் பிள்ளைகளின் பெயரும் மார்க்கும் அதில் இருக்கும். என் மகள் 190-ஐ ஒட்டி எங்காவது இருப்பாள். போட்டி இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். நானும் போட்டியை நம்புகிறவள்தான். நான் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலியே போட்டி வாங்கிக்கொடுத்தது. ஆனால் அந்தப் பட்டியல் வந்த மூன்றாவது மாதம் என் மகள் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. அன்று ராத்திரி படுத்தபடி யோசித்தபோது பளிச்சென்று வந்தது அந்த 'டொக்'.

மாயவரத்தில், மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் இருந்தது எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஊர்ப்பெயர் மயிலாடுதுறை என்று மாறி அதற்குள் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. பஸ் போர்டு தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நாங்கள் சொல்வதில்லை. பன்னிரண்டு மெஷின். ரெமிங்டன் பாதி, கோத்ரெஜ் பாதி. படியேறும்போதே மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை வரும். காலை ஆறு மணி பேட்ச் எனக்கு. பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. 'டைப் லோயர், ஹையர் முடிச்சா கவர்மெண்ட் உத்தியோகம்' என்பது அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் சொன்ன வாக்கியம். என் அம்மாவும் சொன்னார்.

சார் புதுப் பிள்ளைகளை எல்லோரோடும் உட்கார வைக்க மாட்டார். பின்னால் சுவரைப் பார்த்தபடி மூன்று மெஷின் இருக்கும். அதில்தான் முதல் இரண்டு மாதம். விசைகள் தெரியாதபடி மேலே ஓர் அட்டையை வளைத்துக் கட்டியிருப்பார். கையை அதற்கு அடியில் நுழைத்துக்கொண்டு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். அடித்து முடித்த தாளை சார் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். 'எஃப்' நல்ல கறுப்பாக விழுந்திருக்கும், 'ஏ' வெளுத்துப்போய் இருக்கும். ஆள்காட்டி விரலுக்கு இருக்கிற பலம் சுண்டுவிரலுக்கு இல்லை அல்லவா. "சுண்டுவிரல் இன்னும் தூங்குதும்மா" என்பார். அவ்வளவுதான். திட்ட மாட்டார். இன்னொரு தாளைச் சொருகுவோம்.

முன்வரிசையில் வேகமாக அடிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் சாருக்குப் பிடிக்காது. "அங்க என்ன வேலை உனக்கு? நீ இன்னும் அந்தப் பக்கம் வரலை" என்பார். எனக்கு அப்போது அது அவமானமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து முன்வரிசைக்கு வந்தேன். வந்தும் என் வேகம் நிமிஷத்துக்கு 22 சொல்லில் நின்றுவிட்டது. லோயர் பரீட்சைக்கு 30 வேண்டும். டைப்பில் ஒரு சொல் என்றால் ஐந்து தட்டு. பத்து நிமிஷத்தில் 1500 தட்டு தட்டியாக வேண்டும். எனக்கு 1100-ஐத் தாண்டவில்லை. மூன்று வாரம் அப்படியே. சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில், "நாளையிலேர்ந்து ஜன்னலோர மெஷின்ல உட்காரு" என்றார். அதற்கு அடுத்த மெஷின்தான் குத்தாலத்துக்காரியுடையது.

அவளும் என் வயசுதான். குத்தாலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். ஈரத்தலையை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, சரியாக ஆறு மணிக்குப் படியேறுவாள். 25-லோ 26-லோ இருந்தாள், அவ்வளவுதான். அந்த பேட்சில் 50 சொல் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேனே தவிர, அவரைப் போல அடிக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான் அது. இவள் அப்படி இல்லை. அரை வரி முன்னால் இருந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்.

சார் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கொடுப்பார். ஒரே பாடம், ஒரே மார்ஜின் என்றால் மணி அடிக்கிற இடமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். முதல் நாளே எனக்கு அது காதில் பட்டுவிட்டது. 'டொக்' கேட்கும், அடுத்த வரிக்குப் போக அவள் லீவரைத் தள்ளும் சத்தம் கேட்கும், நான் இன்னும் பாதி வரியில் இருப்பேன். இரண்டாம் வாரம் அவள் லீவரைத் தள்ளும்போது என் மணி அடித்தது. நாலாம் வாரத்தில் ஒருநாள் என் 'டிங்' முதலில் வந்தது. அந்த நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் தொட்டுப் பார்க்க முடியும். ஜன்னலுக்கு வெளியே பால்காரர் மணி அடித்துப் போய்க்கொண்டிருந்தார். என் காது மட்டும் பக்கத்து மெஷினில் இருந்தது. அடுத்த நொடி 'டொக்'. அவள் விரல்கள் சட்டென்று வேகம் பிடித்தது எனக்குக் கேட்டது.

ஒரே மாதத்தில் நான் 31-க்கு வந்தேன். யாரும் எனக்கு எதையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல் அதே விரல், மெஷின் அதே மாதிரி மெஷின்.

அப்புறம் ஒரு தப்புப் பண்ணினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

டிசம்பரில், நல்ல மழைக்காலம். ஒரு பாராவில் தொடர்ந்து ஐந்து வரி அவள் முந்தினாள். ஆறாவது வரியில் நான் வேண்டுமென்றே மூன்று சொல்லை விட்டுவிட்டு அடித்தேன். அந்த இடத்தை ஸ்பேஸ் பாரைத் தட்டியே தாண்டி, என் மணியை முதலில் அடிக்க வைத்தேன். அடித்த கையோடு நெஞ்சு படபடத்தது. அன்றைக்குப் பார்த்து சார், "ரெண்டு பேரும் தாளை மாத்தித் திருத்துங்க" என்று சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். அவள் தாளில் நான் நாலு பிழை கண்டுபிடித்தேன். அவள் என் தாளில் அந்த ஆறாவது வரியில் வந்து நின்றாள். பென்சில் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விட்டுப்போன இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மெஷின் உறையைக் கழற்றும்போது நானாகவே போய்ச் சொன்னேன். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நேத்து அந்த வரி... நான் தெரிஞ்சேதாங்க விட்டேன்."

"தெரியும்ங்க" என்றாள். தாளைச் சொருகி, உருளையைத் திருப்பி, ஓரத்தைச் சரி பார்த்துவிட்டு, "அப்ப அந்த வரி எனக்குத்தானே?" என்றாள்.

அவளும் கணக்கு வைத்திருந்தாள்! அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்களுக்குத்தான்" என்றேன். பொங்கலுக்குள் 'ங்க' போய் 'டி' வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் தாளை மாற்றித் திருத்திக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. பிழையோடு முந்தினால் அந்த வரி செல்லாது. இது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். அவள் என் தாளில் விடாமல் வட்டம் போட்டதால்தான் என் பிழை குறைந்தது. எதிரியாக நினைத்திருந்தால் எனக்காக அவ்வளவு கவனமாக ஒரு தாளைப் பார்த்திருக்க மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒரு உளவியல் புத்தகத்தில் நார்மன் டிரிப்லெட் என்பவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தனியாக நேரத்தோடு மட்டும் மோதுகிறவனைவிட, பக்கத்தில் இன்னொருவனோடு ஓட்டுகிறவன் வேகமாகப் போவதைக் கவனித்திருக்கிறார். சரி, சைக்கிள்காரர்களை விட்டுப் பிள்ளைகளிடம் பார்ப்போம் என்று, மீன்பிடி ராட்டைகளைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். சிலசமயம் தனியாக, சிலசமயம் ஜோடியாக. 1898-ல் அந்தக் கட்டுரை வெளியானது. 40 பிள்ளைகளில் 20 பேர் ஜோடி இருந்தால் வேகமாகச் சுற்றினார்கள். 10 பேருக்குப் பெரிய மாற்றமில்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் தடுமாறி, தனியாகச் சுற்றினதைவிட மோசமாகச் சுற்றினார்கள். அந்தக் கணக்கு இன்றைய புள்ளியியல் அளவுகோலில் அவ்வளவு வலுவானதல்ல என்று பிற்பாடு சொன்னவர்களும் உண்டு. இருந்தாலும் அந்தக் கடைசி 10 பிள்ளைகள் என் மனதில் தங்கிவிட்டார்கள்.

அதற்கு ஒரு விளக்கம் 1965-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்பவரிடமிருந்து வந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பில் ஒரு முறுக்கு ஏறும். நன்றாகக் கைவந்த வேலை அந்த முறுக்கில் இன்னும் நன்றாக வரும். இன்னும் கைவராத வேலை அதே முறுக்கில் கெட்டுப்போகும். இதைப் படித்தபோது எனக்குச் சாரின் பின்சுவர் மூன்று மெஷினும் அந்த வளைந்த அட்டையும்தான் கண்முன் வந்தன. 'நீ இன்னும் அந்தப் பக்கம் வரலை' என்று அவர் சொன்னது எதற்கு என்று பதினைந்து வருஷம் கழித்துப் புரிந்தது. விரல் பழகும்வரை என்னைப் போட்டியிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தார். பழகிய பிறகு, சரியான ஆளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சொல்லப்போனால் விசையைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்கிற இந்த முறை உலகம் முழுக்கப் பரவியதிலும் ஒரு பந்தயத்துக்குப் பங்கு உண்டு. 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரத்தில், சால்ட் லேக் சிட்டி கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்த ஃபிராங்க் மெக்கரினும், லூயிஸ் டிராப் என்பவரும் மோதினார்கள். பரிசு 500 டாலர். டிராப் விசைகளைப் பார்த்து அடிக்கிறவர். மெக்கரின் பார்க்காமல் அடிக்கிறவர். மெக்கரின் ஜெயித்தார். அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு பழக்கம், எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய முறையாக அதற்குப் பிறகுதான் மாறியது. மாயவரத்து மாடியில் சார் அட்டை கட்டியதற்கு மூலம் அங்கே இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

1997 பிப்ரவரியில் லோயர் பரீட்சை, ஆகஸ்டில் ஹையர். ஹையருக்கு 45 சொல், அதாவது பத்து நிமிஷத்தில் 2250 தட்டு. வரிக்குக் கணக்குப் போட்டால் ஒரு வரிக்குச் சுமார் 18 விநாடி. எங்கள் மெஷின்களைச் சின்ன லாரியில் ஏற்றி ஒரு பாலிடெக்னிக்குக்குக் கொண்டுபோனார்கள். அவரவர் மெஷினை அவரவர்தான் ஹாலுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒன்று 15 கிலோ இருக்கும். நாங்கள் இருவருமாக முதலில் அவள் மெஷினைத் தூக்கினோம், திரும்பி வந்து என்னுடையதைத் தூக்கினோம். அவளுக்கு எனக்கு ஐந்து வரிசை பின்னால் இடம் விழுந்தது.

ஆரம்பிக்கச் சொன்னதும் நூறு மெஷின் ஒன்றாக எழும்பியது. தகரக் கொட்டகை மேல் அடைமழை பெய்கிற சத்தம். அதற்குள் ஒரு 'டொக்'கை எங்கே தேடுவது? முதல் வரியில் தேடினேன், கிடைக்கவில்லை. கை ஒரு கணம் தயங்கியது. ஆனால் இத்தனை மாதமாகக் கேட்டுக் கேட்டு அந்தத் தாளம் எனக்குள் ஊறியிருந்தது. அவள் இருந்திருந்தால் இந்த இடத்தில் அடித்திருக்கும் என்று என் காதுக்குத் தானாகவே தெரிந்தது. கேட்காத மணியோடு பத்து நிமிஷமும் ஓடினேன். இருவரும் முதல் வகுப்பு. அவளுக்கு என்னைவிட நாலு மார்க் அதிகம்.

அதோடு விட்டோமா, இல்லை. தமிழ் டைப்புக்கும் சேர்ந்தோம். ஹையர் முடித்த பெருமையோடு பக்கத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், சார் வந்து எங்களைப் பிரித்துப் பின்சுவருக்கு அனுப்பினார். "தமிழ்ல ரெண்டு பேருமே இன்னும் குழந்தைங்க." உண்மைதான். தமிழ் விசைப்பலகை வேறு உலகம். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா உருவாக்கியது அது. அதில் புள்ளிக்கு நகரா விசை. தட்டினால் தாளைச் சுமக்கிற வண்டி நகராது. புள்ளியை முதலில் தட்டி, அப்புறம் எழுத்தைத் தட்ட வேண்டும். 'அம்மா' என்று அடிக்க, அ, புள்ளி, ம, ம, கால். அந்தப் புள்ளி வலது சுண்டுவிரலில். தமிழில் எத்தனை புள்ளி என்பது அந்தச் சுண்டுவிரலைக் கேட்டால்தான் தெரியும். ஆறு வாரம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் மறுபடி ஜன்னலோரம் கிடைத்தது.

குரூப் 4-ல் அவள் எனக்கு முன்னால் தேர்வானாள். கும்பகோணம் பக்கம் போஸ்டிங். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், நான் மனசார சந்தோஷப்பட்டேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தேன். அடுத்த முறை எனக்குக் கிடைத்தது.

மகளிடம் இந்தக் கதையை முழுசாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்கிற வயசில்லை அவளுக்கு. ஒன்றே ஒன்று கேட்டேன். "உன் பக்கத்துல உட்கார்ற பொண்ணு எத்தனை மார்க்கும்மா?" அவளுக்குத் தெரியவில்லை. முதல் இடத்துப் பையன் 720-க்கு எத்தனை வாங்கினான் என்பது தெரிகிறது, பக்கத்து நாற்காலி தெரியவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. 260 பேரை ஒரே கயிற்றில் கட்டி ஓடவிட்டு, அதைப் போட்டி என்று சொல்கிறார்கள். வெப்ப இயக்கவியலே இன்னும் பிடிபடாத பிள்ளையைச் சாராக இருந்தால் முதலில் பின்சுவருக்குத்தான் அனுப்பியிருப்பார்.

அதைத்தான் செய்தேன். குழுவில் வரும் பட்டியலை இரண்டு மாதம் வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். அந்த இரண்டு மாதம் இயற்பியலை மட்டும் பாடம் பாடமாகத் திரும்பப் படித்தாள். அதற்குள் அவளே பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் பேசியிருக்கிறாள். திருவிடைமருதூர்ப் பெண்ணாம். இவளைவிடப் பதினெட்டு மார்க் அதிகமாம். 'பதினெட்டு' என்று சொன்னபோது மகள் குரலில் இருந்ததை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் பேனா ஓடுகிற சத்தம் மட்டும். திடீரென்று போனிலிருந்து, "முடிச்சிட்டேன்."

"இருடி, இருடி, எனக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்டெப்."

"யூனிட் போட்டியா?"

"ஐயோ, இரு."

அடுப்பைக் குறைத்துவிட்டு, கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன், அடுத்த கணக்கை யார் முதலில் முடிக்கிறார்கள் என்று கேட்க.